டேவிட் ஹோசாக்: ஹாமில்டனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், அவ்வளவுதானா?

கற்பூரவல்லி:

அமெரிக்காவின் ஆரம்பகால வரலாறு படிக்கிறவர்களுக்கு டேவிட் ஹோசாக் என்ற பெயர் ஒரே ஒரு காட்சியில்தான் வரும். 1804 ஜூலை 11, காலை ஏழு மணி வாக்கில், ஹட்சன் ஆற்றின் நியூ ஜெர்சிக் கரையில் வீஹாக்கன் என்ற இடம். அமெரிக்காவின் முதல் நிதியமைச்சராக இருந்த அலெக்சாண்டர் ஹாமில்டனும் அப்போதைய துணை ஜனாதிபதி ஆரன் பர்ரும் துப்பாக்கியோடு எதிரெதிரே நிற்கிறார்கள், கொஞ்சம் தள்ளி முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு டாக்டர். சத்தம் கேட்டதும் ஓடிவருகிறார். மறுநாள் ஹாமில்டன் இறந்துபோகிறார், அதோடு டாக்டரையும் புத்தகங்கள் விட்டுவிடுகின்றன. இதில் எனக்கு ரொம்ப நாளாகவே கடுப்பு உண்டு.

1769-ல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா ஸ்காட்லாந்தின் எல்ஜின் ஊரிலிருந்து வந்த வியாபாரி. பிரின்ஸ்டனில் 1789-ல் பட்டம், பிலடெல்பியாவில் பெஞ்சமின் ரஷ்ஷிடம் படித்து 1791-ல் மருத்துவப் பட்டம். அது போதாது, ஐரோப்பாவில் படித்தவன் என்றால்தான் நியூயார்க்கில் மதிப்பு என்று தோன்றி, 1792-ல் பிரிட்டனுக்குக் கப்பல் ஏறினார். எடின்பரோவுக்குப் பக்கத்தில் ஹாமில்டன் என்ற ஒரு பேராசிரியரின் தோட்டத்தில் (நம் ஹாமில்டன் இல்லை, வேறொருவர்) விருந்தினர்கள் எல்லாரும் செடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே நடக்க, இவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்த அவமானத்தைப் பிற்பாடு அவரே எழுதி வைத்திருக்கிறார். அதன் பிறகு லண்டன் போய் பிராம்ப்டனில் வில்லியம் கர்ட்டிஸின் தோட்டத்தில் செடி செடியாகக் கற்றுக்கொண்டார். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த ஸ்வீடன்காரர் லின்னேயஸின் சொந்த ஹெர்பேரியத்தை (உலர்தாவரத் தொகுப்பை) விலைக்கு வாங்கி வைத்திருந்த ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித்தின் வீட்டில் உட்கார்ந்து மாதக்கணக்கில் படித்தார். 1794-ல் ஊர் திரும்பும்போது லின்னேயஸ் தொகுப்பிலிருந்து இரட்டைப் பிரதிகளாக இருந்த சில உலர்தாவரங்களையும் கையோடு கொண்டுவந்தார். அடுத்த வருடமே கொலம்பியா கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர்.

அப்புறம் 1801-ல் ஆரம்பித்ததுதான் எல்ஜின் தாவரவியல் தோட்டம். நியூயார்க்கில் ராக்கெஃபெல்லர் சென்டர் போயிருப்பவர்கள் அந்தத் தோட்டத்தின் மேல்தான் நடந்திருக்கிறீர்கள். என் கேள்வி இதுதான்: அந்தத் தோட்டம் ஏன் பத்து வருடம்கூட ஒழுங்காகத் தாங்கவில்லை? அது அவர் தப்பா, ஊர் தப்பா?


புதுவரவு:

ராக்கெஃபெல்லர் சென்டர் என்றால் அந்தப் பெரிய கிறிஸ்துமஸ் மரம் வைப்பார்களே, பனிச்சறுக்கு மைதானம் இருக்குமே, அதுவா? அங்கே தோட்டமா? நடு நகரம் ஆயிற்றே.


கற்பூரவல்லி:

அதேதான். இன்றைய கணக்கில் 47-ஆவது தெருவிலிருந்து 51-ஆவது தெரு வரை, ஐந்தாவது அவென்யூவுக்கும் ஆறாவது அவென்யூவுக்கும் நடுவில். அன்றைக்கு அது நடு நகரம் இல்லை. நகரம் மன்ஹாட்டன் தீவின் தெற்கு முனையில் சுருங்கிக் கிடந்தது, இந்த இடம் அங்கிருந்து மூன்றரை மைல் வடக்கே, பாறையும் மேடும் பள்ளமுமாக யாருக்கும் வேண்டாத நகராட்சிப் பொது நிலம். 20 ஏக்கரை 4,800 டாலர் சொச்சத்துக்கு வாங்கினார், அதற்கு மேல் வருடா வருடம் 16 புஷல் (ஒரு தானிய அளவு) கோதுமையை நில வாடகையாகக் கட்ட வேண்டும். அப்பாவின் ஊர் பெயரை வைத்தார். சுற்றிலும் கல் மதில், மதிலுக்கு உள்ளே மரவரிசை, நடுவில் கண்ணாடி வீடுகள், வெப்பமண்டலச் செடிகளுக்குச் சூடேற்றிய தனி அறைகள். 1806-ல் அவர் அச்சிட்ட பட்டியலிலேயே சுமார் 2,000 செடி வகைகள்.

ஜெஃபர்சன் விதை அனுப்பினார், பிரெஞ்சுக்காரர்கள் அனுப்பினார்கள், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தது, பிரிட்டனில் படித்த காலத்து நண்பர்கள் அனுப்பினார்கள். அந்தக் காலத்துத் தபால் என்றால் கப்பல்தான், பாதி விதை உப்புக் காற்றில் செத்துப்போகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பாருங்கள்.

முக்கியமான ஒன்று: அவர் முதலில் சொந்தக் காசைப் போடவில்லை. 1797-ல் கொலம்பியா கல்லூரியிடம் கேட்டார், கிடைக்கவில்லை. மாநிலச் சட்டமன்றத்தில் மனு போட்டார், அங்கும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் தன் பையில் கைவைத்தார்.


கணக்குப்பிள்ளை:

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதி கணக்குதான் வந்திருக்கிறது, மீதியை நான் போடுகிறேன்.

தோட்டத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவு செய்ததாக அவரே சொன்னார். 1810-ல் நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டு, லாட்டரி நடத்திப் பணம் திரட்டி, அவரிடமிருந்து 74,268 டாலர் 75 சென்ட்டுக்கு வாங்கிக்கொண்டது. இதை எல்லாரும் "பாவம், நஷ்டத்துக்கு விற்றார்" என்று எழுதுகிறார்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. ஊரிலேயே பெரிய பணக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்தவர், தனக்குப் பிடித்த ஒரு காரியத்தை ஆரம்பித்தார், கையைக் கடித்தது, செல்வாக்கைப் பயன்படுத்தி அரசாங்கத்தின் தலையில் கட்டிவிட்டார். லாட்டரிச் சீட்டு வாங்கிய சாதாரண மக்கள் காசில்தான் அந்த நிலம் வாங்கப்பட்டது. இன்றைக்கு ஒரு தொழிலதிபர் இதைச் செய்தால் இதே இழையில் எத்தனை பேர் கைதட்டுவோம்?

இன்னொன்று, அமெரிக்காவின் முதல் தாவரவியல் தோட்டம் என்று சில இடங்களில் எல்ஜினைச் சொல்கிறார்கள். ஜான் பார்ட்ரம் பிலடெல்பியாவில் ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் 1728-லேயே ஆரம்பித்துவிட்டார். விவசாயி அவர். எந்தச் சட்டமன்றத்திலும் போய் நிற்கவில்லை.


பாசிக்குளம்:

கணக்குப்பிள்ளை ஐயா, பார்ட்ரம் தோட்டமும் எல்ஜினும் ஒரே ஜாதி இல்லை. நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவன், அந்த முறையில் சொல்கிறேன். பார்ட்ரமுடையது ஒரு சேகரிப்பாளரின் நாற்றுப்பண்ணை. பெட்டி பெட்டியாக விதையும் நாற்றும் இங்கிலாந்துக்கு அனுப்பி விற்றுத்தான் அவர் பிழைத்தார். அதில் குறைவு ஒன்றுமில்லை, ஆனால் வருமானம் உள்ள தோட்டம் அது. எல்ஜின் பாடம் நடத்துவதற்காகப் போட்டது. மருத்துவ மாணவன் மருந்துப் பெயரை மனப்பாடம் செய்தால் போதாது, செடியை உயிரோடு பார்க்க வேண்டும், பூத்திருக்கும்போதும் காய்த்திருக்கும்போதும் பார்க்க வேண்டும் என்பது ஹோசாக்கின் பிடிவாதம். எடின்பரோ, லைடன், பதுவா என்று ஐரோப்பிய மருத்துவக் கல்லூரிகளில் அந்த வசதி இருந்தது. அமெரிக்காவில் இல்லை. அந்த மாதிரித் தோட்டத்திலிருந்து வருமானம் வராது, வரவும் கூடாது. அதனால்தான் அவர் முதலில் கல்லூரியிடமும் அரசிடமும் போனார்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் டாக்டரும் தாவரவியலாளரும் ஒரே ஆளாக இருந்ததற்குக் காரணமும் இதுதான். மருந்து என்றாலே பெரும்பாலும் பட்டை, வேர், இலை. ஹோசாக்குக்கு முன்னால் பாருங்கள், நியூயார்க்கில் கேட்வாலடர் கோல்டன் டாக்டர், தன் பண்ணையைச் சுற்றியிருந்த செடிகளை விவரித்து லின்னேயஸுக்கு அனுப்பினவர், அவர் மகள் ஜேன் கோல்டனும் நல்ல தாவரவியலாளர். சார்ல்ஸ்டனில் அலெக்சாண்டர் கார்டன் டாக்டர், நாம் பூங்காக்களில் பார்க்கும் கார்டீனியா அவர் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் அந்தச் செடி சீனாவுடையது, அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிலடெல்பியாவில் ஆடம் கூன், நேரடியாக லின்னேயஸிடமே படித்த டாக்டர். அவருக்குப் பின்னால் பெஞ்சமின் ஸ்மித் பார்ட்டன், 1803-ல் அமெரிக்காவின் முதல் தாவரவியல் பாடப்புத்தகம் எழுதியவர். இவர்கள் யாரும் கட்டாத ஒன்றை ஹோசாக் கட்டினார் என்பதுதான் வித்தியாசம்.


இரவுப்பணி டாக்டர்:

தோட்டத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் வைத்தியத்துக்கு வருகிறேன். எனக்கு இந்த ஆளிடம் பிடித்தது, அவர் காலத்து மருத்துவத்தில் அவர் செய்யாமல் விட்டவை.

1793-ல் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் வந்தபோது பெஞ்சமின் ரஷ் நோயாளிகளுக்குக் கிண்ணம் கிண்ணமாக ரத்தம் எடுத்து, பாதரச பேதி மருந்தும் கொடுத்தார். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட மனிதர், நாட்டிலேயே பெரிய டாக்டர், யார் எதிர்த்துப் பேசுவது? ஹோசாக் அவருடைய மாணவர், கடைசி வரை அவர் மேல் மரியாதை வைத்திருந்தவர். ஆனாலும் நியூயார்க்கில் மஞ்சள் காய்ச்சல் வந்தபோது அந்த வழியில் போகவில்லை. வியர்க்கவைப்பது, நிறைய நீராகாரம், மென்மையான கவனிப்பு, இவ்வளவுதான். இன்றைக்குப் பார்த்தால் அவர் கொடுத்த மருந்துகளில் வைரஸைக் கொல்கிற எதுவும் இல்லை. ஆனால் நோயாளியின் உடம்பில் மிச்சமிருக்கும் பலத்தையும் உறிஞ்சாமல் விட்டாரே, அதுவே பெரிய சிகிச்சை. 1798-ல் அவருக்கே அந்தக் காய்ச்சல் வந்து பிழைத்தார்.

ஹாமில்டனோடு பழக்கமும் ஒரு காய்ச்சலில்தான் இறுகியது. 1797-ல் ஹாமில்டனின் மூத்த மகன் ஃபிலிப்புக்குக் கடும் காய்ச்சல், அப்பா ஊரில் இல்லை, பையன் நினைவிழந்து நாடியே விழுந்துவிட்ட நிலை. சிங்கோனா பட்டை கலந்த வெந்நீர்த் தொட்டியில் படுக்கவைத்து, மறுபடி மறுபடி அப்படியே செய்து, போர்வைக்குள் சுற்றிப் பிழைக்கவைத்தார் ஹோசாக். இரவெல்லாம் அந்த வீட்டிலேயே விழித்திருந்துவிட்டு அங்கேயே ஒரு அறையில் தூங்கிப்போனவரை, ஊரிலிருந்து வந்து சேர்ந்த ஹாமில்டன் எழுப்பிக் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினாராம். நான்கு வருடத்தில் அதே பையன் ஒரு துப்பாக்கிச் சண்டையில் அடிபட்டான், அதே டாக்டர்தான் பக்கத்தில் இருந்தார், அந்தத் தடவை ஒன்றும் செய்ய முடியவில்லை.

அறுவையிலும் ஆள் சாதாரணம் இல்லை. ஹைட்ரோசீல், அதாவது விரைவீக்கத்துக்கு, ஊசி வழியாக மருந்தைச் செலுத்தும் முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர். தொடைத் தமனியில் அன்யூரிசம், அதாவது ரத்தக்குழாய் வீக்கம், வந்த நோயாளிக்கு அந்த ரத்தக்குழாயையே கட்டி 1808-ல் அறுவை செய்திருக்கிறார். மயக்க மருந்து இல்லாத காலம், கிருமி என்ற சொல்லே வராத காலம். அம்மைத் தடுப்பூசி வந்ததும் அதற்காக வாதாடியவர்களிலும் ஒருவர்.


வெட்டிவேர்:

முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றது எதற்கு என்று யாராவது சொல்லுங்கள். பயமா?


இரவுப்பணி டாக்டர்:

சட்டம். துப்பாக்கிச் சண்டை குற்றம். யார் சுட்டார், யார் முதலில் சுட்டார் என்று நாளைக்கு நீதிமன்றத்தில் கேட்டால் "நான் பார்க்கவில்லை" என்று சத்தியமாகச் சொல்ல முடிய வேண்டும். டாக்டர், படகோட்டிகள் எல்லாருக்கும் அதுதான் ஏற்பாடு.

அதன் பிறகு நடந்ததை ஹோசாக் அடுத்த மாதம் வில்லியம் கோல்மன் என்ற பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதமாக எழுதினார். எந்தக் காலத்து டாக்டரும் படிக்க வேண்டிய கடிதம் அது. இவரைக் கண்டதும் இது உயிர்போகிற காயம் என்று ஹாமில்டனே சொல்லிவிட்டு மயங்கிவிடுகிறார். ஆற்றைக் கடக்கும்போது படகிலேயே அம்மோனியா கலந்த மருந்தை முகத்திலும் நெற்றியிலும் தேய்த்து நினைவுக்குக் கொண்டுவருகிறார்கள். கண் திறந்ததும் ஹாமில்டன் கவலைப்பட்டது துப்பாக்கியைப் பற்றி, அது இன்னும் வெடிக்காமல் இருக்கிறது, யார் மேலாவது பட்டுவிடப் போகிறது, பார்த்து எடுங்கள் என்று. தன் துப்பாக்கி வெடித்ததே அவருக்குத் தெரியவில்லை. குண்டு ஈரலையும் உதரவிதானத்தையும் துளைத்து முதுகெலும்பில் போய் உட்கார்ந்திருந்தது. கால்களில் உணர்ச்சி இல்லை. முதுகெலும்பு போய்விட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஹோசாக் லாடனத்தை (வலி குறைக்கும் அபின் மருந்து) தாராளமாகக் கொடுத்தார், துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல்களின் அறுவை மருத்துவர்களுக்குக் குண்டுக்காயத்தில் அனுபவம் அதிகம் என்பதால் அவர்களையும் வரவழைத்துக் காட்டினார்கள், அவர்களும் கையை விரித்துவிட்டார்கள். அதற்கு மேல் நோண்டவில்லை. இன்றைய ஆபரேஷன் தியேட்டரில் வைத்தே அந்தக் காயம் சுலபமில்லை.

பர்ரும் ஹோசாக்கின் நண்பர்தான். பிற்பாடு பர்ர் ஊரைவிட்டு ஐரோப்பாவுக்குப் போகிற நிலை வந்தபோது அவருக்குக் கடன் கொடுத்தவர்களில் ஹோசாக்கும் உண்டு.


புதுவரவு:

ஐயோ, அந்தக் கடைசி வரி. இறந்தவருக்கும் டாக்டர், சுட்டவருக்கும் நண்பரா? எப்படித்தான் இரண்டு வீட்டிலும் முகம் காட்டினாரோ.


கணக்குப்பிள்ளை:

ஊரில் பெரிய மனிதராக இருக்க அப்படித்தான் இருக்க வேண்டும். நான் சொன்னதும் அதைத்தான், ஆள் யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். அதில் எனக்குக் குற்றமில்லை. ஆனால் டாக்டர், நீங்கள் ஒரு பக்கத்தை விட்டுவிட்டீர்கள். மஞ்சள் காய்ச்சல் கப்பலில் வருகிற தொற்றுநோய், ஆளுக்கு ஆள் ஒட்டும் என்று அவர் கடைசி வரை பிடிவாதமாக இருந்தார், துறைமுகத்தில் குவாரன்டைன் வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தார். 1900-ல் கியூபாவில் வால்டர் ரீட் குழு நிரூபித்தது கொசுவை. அப்படியானால் பெரிய டாக்டர் அடிப்படையிலேயே தப்பு, இல்லையா?


இரவுப்பணி டாக்டர்:

தப்புதான். எதிர்க்கட்சி டாக்டர்கள் சாக்கடை நாற்றம், அழுகின குப்பை, அதிலிருந்து கிளம்பும் கெட்ட காற்று என்றார்கள், அதுவும் தப்பு. ஆனால் வேடிக்கை என்னவென்றால் வெளியூர்க் கப்பலை நிறுத்திவைத்தது ஓரளவு பலன் தந்திருக்கும், ஏனென்றால் நோயாளியும் கொசுவும் அந்தக் கப்பலில்தான் வந்தார்கள். சாக்கடையைச் சுத்தம் செய்ததும் ஓரளவு பலன் தந்திருக்கும், தேங்கின தண்ணீர் போனதால். கொசுவை யோசிக்காமலே இரண்டு கட்சியும் கொசுவை விரட்டிக்கொண்டிருந்தன. 1794-ல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் வாசிக்கப்பட்ட அவருடைய கட்டுரையிலும் கண் எப்படிக் கிட்டத்தையும் தூரத்தையும் மாறி மாறிப் பார்க்கிறது என்பதற்குக் கண்ணைச் சுற்றியுள்ள தசைகளைக் காரணமாகச் சொல்லியிருந்தார். உண்மையில் மாறுவது உள்ளே இருக்கும் லென்ஸ். அதனால் என்ன, 1816-ல் அதே சொசைட்டி அவரை உறுப்பினராக எடுத்துக்கொண்டது.

இன்னொரு விஷயம், அவர் படிக்கிற காலத்தில் 1788-ல் நியூயார்க் ஆஸ்பத்திரியில் மருத்துவ மாணவர்கள் கல்லறையிலிருந்து பிணம் திருடுகிறார்கள் என்று ஊர் ஜனம் திரண்டு அடித்து நொறுக்கியது. டாக்டர் கலவரம் என்றே அதற்குப் பெயர். மாணவர் ஹோசாக் தலையில் கல்லடி வாங்கினார். டாக்டர்களை ஊர் எவ்வளவு நம்பியது என்பது அதிலேயே தெரியும். அந்த ஊரில்தான் அவர் பேர் வாங்க வேண்டியிருந்தது.


பாசிக்குளம்:

தோட்டத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் எல்ஜின் தோற்றுப்போனது என்று சொல்லும்போது எதை வைத்து அளக்கிறோம் என்ற கேள்வி இருக்கிறது. நிலத்தை வைத்து அளந்தால் தோல்விதான். ஆட்களை வைத்து அளந்து பார்ப்போம்.

ஃபிரடெரிக் புர்ஷ் என்ற ஜெர்மன்காரர் 1809 வாக்கில் எல்ஜினில் தோட்டக்காரராக வேலை பார்த்தார். லூயிஸ், கிளார்க் இருவரும் அமெரிக்காவின் மேற்குக் கரை வரை போய்வந்த ஆய்வுப் பயணத்தில் அங்கிருந்து வந்த உலர்தாவரங்களை அவர்தான் அதற்கு முன் பிலடெல்பியாவில் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றை வெளியிட வேண்டிய பொறுப்பு பார்ட்டனுடையது, அவர் ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு 1815-ல் இறந்தும் போனார். புர்ஷ் அதற்குள் லண்டன் போய் 1814-ல் வட அமெரிக்கத் தாவரங்கள் பற்றிய தன் பெரிய நூலை வெளியிட்டுவிட்டார், அதில் லூயிஸின் செடிகள் இருக்கின்றன. எந்த நியாயத்தில் எடுத்துப்போனார் என்பது தனிச் சண்டை.

அடுத்தது ஏமஸ் ஈட்டன். சட்டம் படிக்க நியூயார்க் வந்தவர், ஹோசாக்கின் வகுப்பில் உட்கார்ந்து செடிப் பைத்தியம் பிடித்தது. பின்னால் ஒரு நில விவகாரத்தில் மோசடிக் குற்றம் சாட்டப்பட்டுக் நியூயார்க்கின் கிரீனிச் சிறையில் அடைத்தார்கள். அந்தச் சிறையின் நிதி அதிகாரியின் மகன் ஒரு சின்னப் பையன், சிறைக்குள் இருக்கும் கைதியிடம் பூவையும் இலையையும் கொண்டுபோய்க் காட்டிக் காட்டி தாவரவியல் கற்றுக்கொண்டான். அவன்தான் ஜான் டோரி! பிற்பாடு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து ஹோசாக்கின் மாணவனும் ஆனான், 1818-ல் டாக்டர் பட்டம் வாங்கினான், அப்புறம் அமெரிக்கத் தாவரவியலுக்கே தலைமை தாங்கினான். டோரியின் சீடர் ஏசா கிரே, இவரும் டாக்டருக்குப் படித்தவர்தான், ஹார்வர்டில் பேராசிரியராகி டார்வினோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர். ஹோசாக் சொந்தமாகக் கண்டுபிடித்த புதுச் செடி என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் அந்த வகுப்பிலிருந்து கிளம்பிய கோட்டைப் பாருங்கள்.

அவர் பெயரிலும் ஒரு பேரினம் உண்டு, ஹோசாக்கியா, அவரைக் குடும்பம். டேவிட் டக்ளஸ் மேற்குக் கரையில் சேகரித்தது, 1829-ல் லண்டனில் பெயர் வைத்தார்கள். அந்தப் பக்கம் ஹோசாக் கால் வைத்ததே கிடையாது.


வடமராட்சியான்:

இதில எங்கட பக்கத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கு, யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன். 1813-இல் கொலம்பியாவின் மருத்துவப் பிரிவு நியூயார்க்கின் மருத்துவர்-அறுவையர் கல்லூரியோடு சேர்ந்தது, ஹோசாக் அங்கே பேராசிரியர். அதே 1813-இல் அதே கல்லூரியில் பட்டம் பெற்றவர் ஜான் ஸ்கடர். நியூயார்க்கில் நல்ல பிராக்டிஸ் நடந்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு 1819-இல் மிஷன் மருத்துவராகக் கப்பல் ஏறி, யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பில் வைத்தியசாலை நடத்தினார், பிறகு 1836-இல் மதராசுக்குப் போனார். வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, பாடநூல்களைத் தமிழில் ஆக்கிய சாமுவேல் ஃபிஸ்க் கிறீனும் 1845-இல் அதே கல்லூரியில் பட்டம் பெற்றவர்தான். ஆனால் அப்போது ஹோசாக் உயிரோடு இல்லை.


வெட்டிவேர்:

இது தெரியாது அண்ணா, நன்றி. ஸ்கடர் என்றால் வேலூர் என்று மட்டும்தான் மனதில் இருந்தது.

தோட்டம் கடைசியில் எப்படிப் போனது? மாநிலம் வாங்கிய பிறகாவது ஒழுங்காக வைத்திருந்தார்களா?


கற்பூரவல்லி:

அங்கேதான் என் கோபமே. மாநிலம் வாங்கியது, பராமரிக்கப் பணம் ஒதுக்கவில்லை. 1814-ல் கொலம்பியா கல்லூரி தனக்கு வேறு இடத்தில் நிலம் போய்விட்டது (வெர்மான்ட் தனி மாநிலமாகிப் போனதில் அந்தப் பக்கத்து நிலம் கைவிட்டுப் போனது), நஷ்டஈடு வேண்டும் என்று கேட்டபோது இந்தத் தோட்டத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. கொலம்பியாவுக்கு அப்போது வேண்டியிருந்தது ரொக்கம், ஊருக்கு வெளியே 20 ஏக்கர் செடியும் கண்ணாடி வீடும் இல்லை. கல்லூரி அந்த இடத்துக்கு மாறிப்போக வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது, 1819-ல் அதையும் நீக்கிவிட்டார்கள். கண்ணாடி உடைந்தது, செடிகளைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், மிச்சத்தைக் களை மூடியது. ஹோசாக் அதே ஊரில் இருந்துகொண்டு இதையெல்லாம் பார்த்தார். தோட்டத்தைத் தன்னிடமே குத்தகைக்கு விடச் சொல்லிக் கேட்டும் பார்த்தார், நடக்கவில்லை.

கணக்குப்பிள்ளை ஐயாவுக்குப் பிடித்த கணக்கு இதோ. தோட்டத்தை வளர்க்காத கொலம்பியா, நகரம் வடக்கே பரவிய பிறகு அதை மனை போட்டு வாடகைக்கு விட்டது. 1928-ல் ஜான் டி. ராக்கெஃபெல்லர் ஜூனியருக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. 1985-ல் 40 கோடி டாலருக்கு விற்றது.


கணக்குப்பிள்ளை:

74 ஆயிரம் எங்கே, 40 கோடி எங்கே. சரி, அந்த லாட்டரிச் சீட்டு வாங்கினவன் பேரனுக்கு ஒரு சென்ட்டாவது போயிருக்குமா என்றால் இல்லை. இந்தக் கணக்கில் ஏமாந்தது ஹோசாக் என்பதைவிட ஊர் ஏமாந்தது என்றுதான் நான் எழுதுவேன். தோட்டம் வேண்டும் என்று மக்கள் காசு கொடுத்தார்கள், கல்லூரிக்கு ரியல் எஸ்டேட் கிடைத்தது.


பாசிக்குளம்:

இதில் நீங்களும் கற்பூரவல்லியும் ஒரே பக்கம்தான் நிற்கிறீர்கள், சண்டை எங்கே என்று தெரியவில்லை :)

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அதே கொலம்பியாவின் பேராசிரியர் நதானியல் பிரிட்டன் முன்னின்று 1891-ல் நியூயார்க் தாவரவியல் தோட்டம் தொடங்கப்பட்டது, பிராங்க்ஸில். டோரியின் ஹெர்பேரியம் இப்போது அங்கேதான் இருக்கிறது. இந்தத் தடவை நகரம் நிலம் கொடுத்தது, பணக்காரர்கள் நிதி போட்டார்கள், நிர்வாகத்துக்குத் தனிக் குழு இருந்தது. எல்ஜினுக்கு இல்லாமல் போனவை இவைதான். ஒரு டாக்டரின் வரும்படியை நம்பி, பகலில் நோயாளி பார்த்துக்கொண்டு, நடுவில் வகுப்பும் எடுத்துக்கொண்டு, கண்ணாடி வீட்டுக்கு விறகும் வாங்கிப்போட்டு எத்தனை வருடம் ஓட்ட முடியும்?


புதுவரவு:

கடைசிக் காலம் எப்படி? மனம் உடைந்து செத்தாரா?


கற்பூரவல்லி:

அப்படிச் சினிமா மாதிரி இல்லை, நன்றாகவே வாழ்ந்தார். நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தை 1804-ல் தொடங்கியவர்களில் ஒருவர், 1820-லிருந்து 1828 வரை அதற்குத் தலைவர். பழைய மருத்துவக் கல்லூரியோடு பிணக்கு வந்து 1826-ல் சகாக்களோடு வெளியேறி ரட்கர்ஸ் பெயரில் போட்டிக் கல்லூரி நடத்தினார், அது சில வருடத்தில் மூடப்பட்டது. ஈரி கால்வாய்க்காகப் பாடுபட்ட ஆளுநர் டெவிட் கிளின்டன் இறந்தபோது அவர் வாழ்க்கையைப் பற்றி ஒரு நூல் எழுதி 1829-ல் வெளியிட்டார். முதல் மனைவி இளம் வயதில் இறந்தார், இரண்டாவது மனைவி மேரி எட்டி வழியாக நிறையப் பிள்ளைகள், அவரும் இறந்த பிறகு கோஸ்டர் என்ற பணக்கார வியாபாரியின் விதவை மக்டலேனாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த வசதியில் ஹட்சன் கரையில் ஹைட் பார்க் பண்ணையை வாங்கி, ஆந்த்ரே பார்மென்டியே என்ற பெல்ஜியத்துக்காரரை வைத்துத் தோட்டமும் பாதையும் போட்டார். எல்ஜினில் விட்டதை அங்கே பிடித்தார் என்று சொல்லலாம், ஆனால் அது பணக்காரர் வீட்டுத் தோட்டம், மாணவர்கள் வருகிற இடம் இல்லை. இன்றைக்கு வாண்டர்பில்ட் மாளிகை என்று தேசியப் பூங்காத் துறை காட்டுகிறதே, அந்த நிலம்தான்.

1835 டிசம்பர் 16 இரவு நியூயார்க்கில் பெருந்தீ, வியாபாரப் பகுதியே போனது, அவருக்கும் பெரிய நஷ்டம். அடுத்த சில நாளில் பக்கவாதம் வந்து 22-ஆம் தேதி இறந்தார்.


வெட்டிவேர்:

அவர் எழுதியதில் எதையாவது படிக்க வேண்டும் என்றால் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?


கற்பூரவல்லி:

டாக்டர் சொன்ன அந்தக் கோல்மன் கடிதம் சின்னது, ஒரே மூச்சில் முடிந்துவிடும். அதற்கு அடுத்து 1811-ல் தோட்டம் எப்படி ஆரம்பித்தது, எவ்வளவு செலவானது, யாரிடம் எல்லாம் கேட்டேன் என்று அவரே அச்சிட்ட அறிக்கை. காசைத் தின்றுவிட்டான் என்று எதிராளிகள் பேசியதற்குப் பதிலாக எழுதியது, அதனால் கொஞ்சம் சூடாகவே இருக்கும். கணக்குப்பிள்ளை ஐயா அதை ஒரு தடவை வரிவரியாகப் பார்த்துவிட்டு வந்தால் நன்றாக இருக்கும், எண்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.


கணக்குப்பிள்ளை:

பார்க்கிறேன். ஆனால் தன் செலவைத் தானே எழுதின அறிக்கை என்றால் எனக்கு முதலில் வவுச்சர்தான் வேண்டும்.